ஒரு துளி எழுந்து போகும் இடம்

முட்னோவ்ஸ்கி எரிமலைச் சரிவில்
வெந்நீர்க் குட்டை ஒன்று, சோற்றுச் சட்டி அகலம்.
அதன் கரைக் களிமண்ணில்
பதினாறு கண்ணாடிக் குப்பிகளை நட்டிருக்கிறாள் ஸினயீதா.

உள்ளே நான்கு வகைத் தூள், கொஞ்சம் கொழுப்பு,
குட்டைத் தண்ணீர், அழுகல் முட்டை நாற்றம்.

"இதிலிருந்தா?" என்கிறான்
லாரி ஓட்டிவந்த கொர்யாக்கு, எத்தெகாவ்.
வாயில் சால்மன் கருவாடு.
"இதிலிருந்து இல்லை.
இதுபோல் ஒன்றிலிருந்து. ஒருவேளை."

தண்ணீர் இருந்தால் உயிர் இருக்கும் என்று
எழுதித்தான் மதிப்பெண் வாங்கினோம் எல்லோரும்.
ஆனால் குட்டைக்குள் மிதக்கும் வரை
யாருக்கும் யாரும் அக்கம்பக்கம் இல்லை.
வற்றும்போதுதான்
கொழுப்பு பாய் பாயாக விரிகிறது,
பாய்களுக்கு நடுவே தூள் நெருக்கியடித்துப் படுக்கிறது.
ஒரு கை இன்னொன்றைப் பற்றும் இடத்தில்
ஒரே ஒரு மூலக்கூறு தண்ணீர் எழுந்துபோகிறது,
பந்தியில் இடம் விட்டவர் போல.

இரண்டு. மூன்று.
அசை சேர்ந்தால் சீர்,
சீருக்கும் சீருக்கும் நடுவில் விழுவது தளை.
இங்கேயோ பாடுகிறவர் இல்லை,
செவி இல்லை,
பொருள் என்ற ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை.

பிறகு மழை.
கோத்ததில் பெரும்பாலானதை அறுத்துவிடுகிறது.
காய்கிறது. மறுபடி மழை.

ஐந்தாம் இரவு கரடி வந்தது.
ஒன்பது குப்பிகளை மிதித்து
ஒன்றை நக்கிப் பார்த்து
(பிடிக்கவில்லை போலும்)
ஓடைப் பக்கம் இறங்கிப் போயிற்று.
விடிந்ததும் தடத்தருகே குந்தி
ருஷ்ய மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள் ஸினயீதா,
பிறகு அதையே இன்னொரு முறை, மெதுவாக.
"நானூறு கோடி வருஷத்துக்கு முன்னால்
கரடி இல்லாதது நல்லதாகப் போயிற்று"
என்றான் எத்தெகாவ்.

மிச்சம் ஏழு.
நகரத்து ஆய்வகத்தில் ஆறைத் திறந்தால் வெறும் உடைசல்.
ஏழாவதில், கொழுப்புக் குமிழ்களின் வயிற்றில்
மங்கலாக ஒரு கோடு:
பதினொரு கண்ணி.
எதையும் சொல்லாத, எதையும் நகலெடுக்கத் தெரியாத
பதினொன்று.
இன்னொரு மழைக்குத் தாங்குமா என்று
கேட்கவும் தெரியாதது.

தேநீர் ஆறிவிட்டது.
நகக்கண்ணில் இன்னும் கந்தகம்.
நோட்டை இழுத்து எழுதுகிறாள்:
தேதி. வெப்பம். புளிப்பின் அளவு.
மழை, நான்கு முறை.
கரடி, ஒன்று.