எண்ணெய் ஊற்றாத மாவு

சீலோவில் அன்று கீழைக்காற்று.
காலையிலிருந்து பதினோரு ஆடுகள், இரண்டு காளைகள்.
யாரோ கொண்டுவந்த புறாக்களில் ஒன்று
கூண்டைத் திறந்ததும் பறந்துபோய்க்
கூடாரத்தின் முகட்டுக் கயிற்றில் உட்கார்ந்துகொண்டது.

என் வலது கை முழங்கை வரை சிவப்பு.
கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும்.
அதனாலேயே என் மனைவி
மாவு பிசையும் தொட்டிப் பக்கம் என்னை விடுவதில்லை.

வரிசையின் கடைசியில் திர்சாள்.
எப்பிராயீம் மலைச்சரிவில் கதிர் பொறுக்குகிறவள்.
இடுப்பில் ஒரு துணிமூட்டை.
அது கத்தவில்லை, கால் உதைக்கவில்லை,
ஆகவே அதைப் பலி என்று யாரும் எண்ணவில்லை.
காவலுக்கு நின்ற ஏதேர்
இரண்டு முறை அவளை வாசலுக்கு வெளியே தள்ளியிருந்தான்.

என்ன செய்தாய் என்றேன்.
ஒன்றும் செய்யவில்லை என்றாள்.
அதுதான் என்றாள்.

பக்கத்து வயலின் எல்லைக்கல் ஓர் இரவில் நகர்ந்தது.
பார்த்திருக்கிறாள்.
நகர்த்தியவன், அறுப்பில் அவளுக்காகக்
கைப்பிடிக் கதிர் விட்டுவைக்கிறவன்.
ஊர் கூடி, கண்டவர் சொல்லுங்கள் என்று ஆணையிட்ட நாளில்
உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.
நிலம் போனவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு
மோவாபுக்குப் போய்விட்டான்.

ஆட்டுக்கு வழியில்லை. புறாவுக்கும் வழியில்லை.
அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது:
எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு.
எண்ணெய் ஊற்றாதே, தூபவர்க்கம் போடாதே.
பாவத்துக்கானது. அது மணக்கக் கூடாது.

எந்த வயல் கோதுமை?
கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
அவனுடையதுதான், என்றாள்.
வேறு எந்த வயலில் எனக்கு விடுகிறார்கள்?

பேசாமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி
பேசாமல் இருந்ததற்கே ஈடாக
என் முன்னால் அவிழ்ந்து கிடந்தது.

ஒரு பிடி அள்ளினேன்.
கை கழுவ மறந்திருந்தேன்.
காளையின் ஈரத்தில் மாவு ஒட்டி, திரண்டு,
விரலை விரித்தால் உள்ளங்கை நடுவில்
ஒரு சிவந்த உருண்டை.
தெரியாதவன் பார்த்தால்
கையில் காயம் என்று ஓடிவந்திருப்பான்.

நெருப்பில் போட்டேன்.
கொழுப்புப் புகைக்கு நடுவே ஒரு கணம்
வீட்டு அடுப்பின் வாசனை.
வரிசையில் யாருக்கோ வயிறு இரைந்தது.

மீதி மாவு ஆசாரியனுக்கு. முறை அது.
புளிப்பில்லாமல் சுட்டு, பிராகாரத்திலேயே தின்றேன்.
வாசலில் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அவள் வாய் திறக்காத அந்தப் பகலை
நான் மென்றுகொண்டிருந்தேன்.
பல்லில் பொடிக்கல் நெரிந்தது.
திரிகைக் கல்லாகத்தான் இருக்கும்.

இரத்தத்தை எண்ணியே நரைத்தவன் நான்.
ஒரு சொட்டும் சிந்தாமல் இவளுக்கு எப்படி?
யாருடைய இரத்தத்தை நம்பி
இந்த மாவுக்குக் கடன் கொடுத்தது சட்டம்?
சில சாயங்காலங்களில் தோன்றும்,
ஆடும் காளையும் நாங்கள் கட்டுகிற வட்டி.
அசல் அப்படியே கிடக்கிறது.
அதைக் கட்டப்போகிறவனும் இப்படித்தான் வருவானோ,
எண்ணெய் மினுக்கு இல்லாமல்,
திரிகையில் அரைபட்டு,
பலி என்று யாருக்கும் தோன்றாதபடி,
ஏதேரைப் போல ஒருவன் வாசலுக்கு வெளியே தள்ள?
யாகீனிடம் சொன்னால்
வெயில் தலைக்கேறிவிட்டது என்பான்.
ஏறியிருக்கலாம்.

புறா இறங்கி வந்து
சிந்தியிருந்த மாவைக் கொத்தியது. நான் விரட்டவில்லை.

திர்சாள் துணியை உதறித் தோளில் போட்டாள்.
வீட்டு வழியில் போகவில்லை.
பள்ளத்தில் இறங்கி, ஊர்வாசல் போகும் தடத்தைப் பிடித்தாள்.
பொழுது சாயும்வரை மூப்பர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

அவள் சொல்லிவிட்டால்
வரும் அறுப்பில் அவளுக்குக் கதிர் விட ஆளில்லை.
அடுத்த முறை மாவும் இருக்காது.

மாவுக்குக் கீழே
சட்டத்தில் படி இல்லை.