எட்டுக் கட்டில்

அல் ஐனில் ஒரு வில்லா.
ஈச்சமரத்தடியில் நடைபாதைக் கல்லைப் பெயர்த்தேன்,
கீழே எறும்புப் புற்று.
மருந்துக் குழலை எடுக்கும்போது “பொறு” என்றார் ஹாதிம்.
சூடான்காரர். எங்கள் கம்பெனியில்
கொல்லுமுன் பூச்சிக்குப் பெயர் கேட்கிற ஒரே ஆள்.

லென்ஸில் பார்த்தேன்.
பெரிய ராணியின் முதுகில்
வேறு இனத்து ராணி, சின்னவள்,
பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

“இவளுக்கென்று வேலையாள் கிடையாது.
தோண்ட மாட்டாள், இரை தேட மாட்டாள்.
இந்த வீட்டு வாசனையைப் பூசிக்கொண்டாள், அவ்வளவுதான்.
இவள் பிள்ளைகளுக்கும் இவர்களே ஊட்டுவார்கள்.”

தொபியாஸ் ஞாபகம் வந்தது.
ஷார்ஜாவில், ரோலாவில் எங்கள் அறைக்கு
“ரெண்டு வாரம்தான் அண்ணே” என்று வந்தவன்.
அது போன நோன்புக்கும் முந்தின நோன்பு.
மெஸ் கணக்கில் அவன் பெயர் ஏறவே இல்லை.
நான் இரவு வேலைக்குக் கிளம்பினால்
சூடு ஆறுமுன் என் கட்டிலில் இருப்பான்,
என் சட்டையில்,
இசக்கியப்பன் சோப்பும் கலீல் பாயின் தலை எண்ணெயும் மணக்க.
ஜெயசிங்கின் இருமல்கூட அவனுக்கு வந்துவிட்டது.
வெள்ளிக்கிழமை மீனில் முள்ளெடுத்து
கலீல் பாய் அவன் தட்டில்தான் வைப்பார்.
ஏன் என்று அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது.

போன மாசம், இரவு ஒன்றரை மணி.
கட்டடத்துக் காவல்காரர் தலை எண்ண வந்தார்.
வேலை சீக்கிரம் முடிந்து
அப்போதுதான் வந்து வாசலில் ஷூவைக் கழற்றுகிறேன்,
உடம்பெல்லாம் மருந்து நெடி.
அவர் உள்ளே பார்த்தார். எட்டுக் கட்டில், எட்டுப் பேர்.
கணக்கு சரியாக இருந்தது.
திரும்பி, மூக்கைச் சுளித்து,
என் தோளில் டார்ச்சால் தட்டினார்:
“இது யாரு?”

யாரும் பொய் சொல்லவில்லை.
தூக்கக் கலக்கம்தான்.
ஒரு கொட்டாவி நேரம் அறை யோசித்தது.
முதலில் வாய் திறந்தவன் தொபியாஸ்,
என் தலையணையில் முழங்கையை ஊன்றி:
“நம்ம ஆளுதான் சார். இங்கேயே இருக்கறவன்.”

வில்லாக்காரர் கதவருகில் நின்று
முடிந்ததா என்றார்.
ஹாதிம் லென்ஸைத் துடைத்துப் பையில் போட்டார்.
ஜெல்லைப் பிதுக்கிக் கல்லோரம் வைத்தேன்.
இனிப்பாயிருக்கும், அவர்களே சுமந்து போவார்கள்,
எந்த ராணிக்கு முதலில் ஊட்டுவார்கள்
என்று நான் கேட்கவில்லை.

ஒரு எறும்பு என் கையுறைமேல் ஏறியது.
கொம்பால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு
இறங்கிப் போனது.