வேகாத பருப்பு

பிர்னோவில் பனி. பன்னிரண்டாம் எண் டிராமைக்
கொட்டகையில் விட்டுவந்து
பழைய மடிக்கணினியைத் திறக்கிறேன்.
விண்டோஸை நேற்றுதான் வழியனுப்பினேன்.

எந்தக் கெர்னல் வேண்டும் என்கிறது திரை.
எண்கள், புள்ளிகள், மேலும் எண்கள்.
எங்கள் செக் மொழியில் கெர்னலுக்கும்
அக்ரூட் பருப்புக்கும் ஒரே பெயர்;
உடைக்காமல்
சொத்தையா என்று எப்படிச் சொல்ல?

"புதுசையே போடு" என்றான் பணிமனை ஸ்வாதோப்ளுக்.
போன ஜனவரியில் வந்த புது டிராமும்
அவன் சிபாரிசுதான்:
முதல் உறைபனியில் கதவு திறக்கவில்லை,
பதினொரு பேர் ஜன்னல் வழியே இறங்கினார்கள்.

போட்டேன். வைஃபை வந்தது, ஒலி போனது.
ஹாக்கியில் கோல் விழுந்ததை
மேல்வீட்டு போஜெனா தரையை உதைத்ததில்தான் அறிந்தேன்.
அந்தப் பருப்பு இங்கே வேகவில்லை.

நீண்டகால ஆதரவு என்றிருந்த 6.12-ஐத் தொட்டேன்.
காரணம் சொல்ல வெட்கம்:
ஆறு மணி ஷிப்ட், பன்னிரண்டாம் தடம்.

திரை கறுத்தது.
வெள்ளை வரிகள் ஓடின, நிறுத்தங்களைப் போல,
ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஓகே.
ஒன்றில் மட்டும் சிவப்பு. புளூடூத்.

போகட்டும்,
அந்த நிறுத்தத்தில் இறங்க
என்னிடம் ஆளில்லை.