ஒரே அனுமதி எண்

அக்டோபர் முதல் வாரத்திலேயே
வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது.
எல்லாம் பளபள அட்டைகள்.
கையுறையோடு எடுத்தால் வழுக்கும்.
வீட்டுக்கு இரண்டு, சில வீட்டுக்கு நான்கு.

நெப்ராஸ்காவில், மக்காச்சோளம் அறுத்த வயல்களுக்கு நடுவே
நூற்றுப் பதினேழு மைல் என் தடம்.
பத்தொன்பது வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறேன்.
யாருக்குக் கடன், யாருக்குச் சிறுநீரகம் கெட்டது,
உறையைத் தொட்டாலே தெரியும்.

டெல்மர் குச்சேராவுக்கு வந்தது
கறுப்பில் சிவப்பு எழுத்து:
உங்கள் மகள் உடை மாற்றும் அறையில்
இன்னொருவர் யார்?
டெல்மருக்கு மகள் இல்லை.
பதினோரு மாடும் மடங்காத ஒரு முழங்காலும் உண்டு.

எதிர்வீட்டு ஆர்லீன் வோசிக்காவுக்கு நீலத்தில்:
உங்கள் நூலகத்தைக் கொளுத்த வருகிறார்கள்.
நூலகம் வாரத்தில் இரண்டே மதியம் திறக்கும்.
கூரை ஒழுகுகிறது,
கொளுத்தினாலும் பற்றாது.

இரண்டு அட்டையின் மூலையிலும்
கடுகு அளவில்
ஒரே அச்சகம், ஒரே அஞ்சல் அனுமதி எண்.

மார்ச் வெள்ளத்தில் போன ஓடைப்பாலம்
இன்னும் போனபடியே கிடக்கிறது.
நாள்தோறும் பதினோரு மைல் சுற்றிப் போகிறேன்.
பிரசவ வார்டை மூடிய பிறகு
ஆர்லீனின் மருமகள் பிள்ளை பெற்றது
அந்தச் சுற்றுவழியில், பிக்கப் வண்டியில்,
டெல்மரின் மேல்சட்டையை விரித்து.
அதைப் பற்றி ஒரு அட்டையும் வரவில்லை.
பாலத்தை வைத்து என்ன செய்ய?
அது யாரையும் யாருக்கும் எதிரே நிறுத்தாது.

கடைசிப் பெட்டி பாஸ்பிஷில் பண்ணை.
மாவட்டம் முழுக்க அரித்தாலும்
அட்டை சொல்லும் அந்த ‘இன்னொருவர்’
இங்கே ஒரே ஒரு பிள்ளைதான்.
ஜோரி. பதினான்கு வயது. டிராம்போன் வாசிக்கும்.
கணினிக்குக் குறிவைக்கத் தெரிந்தது,
யார் வீடு என்று பார்க்கத் தெரியவில்லை.
அம்மா பெயருக்கு ஒன்று அனுப்பியிருந்தது.

முகவரி உள்ள எதையும் நான் எறியக் கூடாது.
கை உயர்த்திச் சொன்ன சத்தியம்.
விதைப் பட்டியலுக்குள் செருகினேன்,
படம் உள்பக்கம் இருக்கும்படி.
பெட்டியை மூடுமுன் பிள்ளை வந்து நின்றது.

உருவியது. படித்தது.
“இதுல எழுத்துப்பிழை இருக்கு.”
நான் கியரைப் பார்த்தேன்.
“எத்தனை வீட்டுக்குக் கொடுத்தீங்க?”
நானூற்று அறுபது.
தலையாட்டியது,
பள்ளியில் கணக்குக்கு விடை கேட்டதுபோல.
“வேற ஏதாவது வந்திருக்கா?”
டிராம்போனுக்குப் போடும் எண்ணெய் வந்திருந்தது.
கொடுத்தேன்.

தேர்தல் முடிந்த புதன்கிழமை வண்டி நிமிர்ந்துவிட்டது.
யாரோ முந்நூற்றுச் சொச்சம் வாக்கில் ஜெயித்தார்.
ஜனவரியில் அவையில் அவர் முதலில் கொண்டுவந்தது
பன்றிப்பண்ணைக் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை.
உடை மாற்றும் அறையை
யாரும் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
நூலகக் கூரை ஒழுகுகிறது.

டெல்மரின் பனி வழிக்கும் இயந்திரத்துக்கு
ஆர்லீன்தான் பெட்ரோல் போடுவார்.
இரண்டு வாசலும் ஒரே ஓட்டத்தில் சுத்தமாகும்.
இந்த வருடம் முதல் பனியில்
டெல்மர் எல்லையோடு நிறுத்தியிருந்தார்,
நூல் பிடித்ததுபோல்.
அந்தப் பக்கம் முழங்கால் உயரப் பனியில்
ஆர்லீன் ஒரு கைம்மண்வெட்டியோடு.
இருவருமே எனக்குக் கையசைத்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.
எனக்கும் ஒரு அட்டை வந்தது.
என் தடத்துக்கு, என் பெட்டிக்கு,
நானே போட்டுக்கொண்டேன்.
கறுப்பா நீலமா, சொல்லப் போவதில்லை.
அந்த அனுமதி எண்ணை நன்றாக அறிந்தவள்,
மூலையைப் பார்க்காமல் நடுவைத்தான் படித்தேன்.
அன்றிரவு எழுந்து போய்
கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
பூட்டித்தான் இருந்தது.
இன்னொரு முறையும் பார்த்தேன்.