நின்றவர்மேல் குற்றமில்லை

வாரத்தில் ஐந்து நாள்
மோதிய வண்டிகளைப் பார்ப்பது என் பிழைப்பு.
நசுங்கல் எத்தனை விரற்கடை,
எதன் வண்ணம் எதில் ஒட்டியிருக்கிறது,
யார் தரவேண்டும், எவ்வளவு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க் கிளையில் எல்லோருக்கும் தெரியும்,
நின்றுகொண்டிருந்ததன்மேல் குற்றமில்லை
என்று எழுதித்தான் முடிப்பேன்.
கீழே கையெழுத்து: பாக்கியம் நாயக்கர்.

சனிக்கிழமை
ஹில்டனுக்கு மேலே, மூடுபனி ஏறி இறங்கும் தைலமரக் காட்டில்
அந்த விதி என் பக்கம் திரும்பும்.

பதினெட்டுக் கூடை, பதினெட்டிலும் சங்கிலி,
இடையில் நாலாயிரம் மரம்.
எண்ணியவர் ஹென்னி. பொய்யாகவும் இருக்கலாம்,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.
சாக்ரன் பையில் இருபத்திரண்டு வட்டு,
எறிவதென்னவோ இரண்டைத்தான்.
நொம்புசோ இடக்கைக்காரி.
எங்கள் வட்டெல்லாம் ஓய்ந்து இடப்புறம் சாய்கிற இடத்தில்
அவளுடையது வலப்புறம் சாயும்,
வளைவைத் தன் வீட்டுத் தெருபோல எடுத்துக்கொண்டு போகும்.
பார்க்கப் பார்க்கப் பொறாமை.
அவளிடமே சொல்லிவிட்டேன்.

ஏழாவதற்கு ஊசிக்காது என்று பேர்.
எறிமேடைக்கு முன்னால் இரண்டு மரம்.
நடுவே நின்று கை விரித்தால் இரண்டையும் தொடலாம்,
தொட்டிருக்கிறேன்.
தாண்டினால் ஐம்பது மீட்டர் ஒடுக்கம்.
ஓடைக்கு முன்னே அம்புக்குறி அடித்த வாட்டில் மரம்:
அதற்கு இடப்பக்கமாகத்தான் போகவேண்டும்,
வலப்பக்கம் போனால் ஓர் எறி தண்டம்.
மூன்றில் முடிக்கலாம் என்கிறது பலகை.

மூச்சை விட்டேன். தோளைத் தளர்த்தினேன்.
மரத்தைப் பார்க்காதே, வழியைப் பார் என்பார்கள்.
வழியைத்தான் பார்த்தேன்.

டொக்.

முதல் மரம். பத்தடிகூட இல்லை.
வட்டு என் காலுக்குப் பின்னால் வந்து கிடந்தது.
ஹடீடா ஒன்று கிளையிலிருந்து எழுந்து
ஹா, ஹா-ஹா என்று
ஊருக்கே சொல்லிக்கொண்டு போனது.

திருமாலுக்குச் சக்கரம் கைக்குத் திரும்பிவரும்.
எனக்கும்தான் வந்தது. அதனால் என்ன.

இரண்டாவது எறி: டொக், டொக்.
மூன்றாவது நேராகப் போனது, அழகாகப் போனது,
அம்புக்குறி மரத்தின் கவட்டையில் ஏறி
உட்கார்ந்துகொண்டது.
இரண்டாள் உயரம். ஆரஞ்சு வட்டு.
அடியில் என் தொலைபேசி எண், யாருக்கும் தெரியும்படி.

ஹென்னி குச்சியை விட்டெறிந்தார். படவில்லை.
சாக்ரன் தன் ஷூவைக் கழற்றி எறிந்தான்.
பட்டது. வட்டு அசையவில்லை.
ஷூ அங்கேயே தங்கிவிட்டது.
கிரகணம் பார்ப்பவர்கள்போல
நாலு பேரும் அண்ணாந்து நின்றோம்.

பிறகு காற்று, வேறு யாருமில்லை,
வட்டை மட்டும் கழற்றி விட்டது.
விளிம்பில் விழுந்து, உருண்டு, உருண்டு,
ஓடைப் பாலத்தையும் தாண்டிக்
கூடைக்கு மூன்றடியில் படுத்தது.
நான் கத்திய கத்தலில் குரங்குகள் இடம் மாறின.

"அது எறி இல்லை, பாக்கியம்," என்றார் ஹென்னி.
"காற்றுக்கு அட்டையில் பெயர் கிடையாது."
யாரிடம் விதி பேசுகிறார்!
பேசாமல் மரத்தடிக்குத் திரும்பி வந்தேன்.
நாலாவது பக்கவாட்டில், ஐந்தாவது ஓடையில்,
தண்டம், ஏழு,
எட்டாவதில் சங்கிலி.
கைப்பிடிச் சில்லறையை மேசைமேல் கொட்டிய சத்தம்.
ஈர அட்டையில் எட்டு என்று எழுதினால்
பென்சில் கிழித்துக்கொண்டு போகிறது.

மீதிப் பதினொன்றையும் சாக்ரன் ஒற்றை ஷூவோடு ஆடினான்.
மற்ற காலுறை முழுக்க ஒட்டுப்புல் விதை.
என்னைவிட ஒன்பது குறைவு.

திங்கட்கிழமை, மேசைமேல் மூன்றாவது கோப்பு.
ஹோவிக் சாலை, டொயோட்டா, இடது முன்விளக்கு காலி.
ஓட்டியவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்:
நான் என் வழியில் போய்க்கொண்டிருந்தேன்.
மரம்தான் குறுக்கே வந்துவிட்டது.

முன்பென்றால் உரக்கப் படிப்பேன்,
கிளை முழுக்கச் சிரிக்கும்.
நகக்கண்ணில் இன்னும் பட்டைத் தூள்.

நிராகரித்தேன். விதி விதிதான்.
ஆனால் பேரைக் குறித்துக்கொண்டேன்,
தொலைபேசி எண்ணையும்.
சனிக்கிழமை காலையில் சும்மா இருப்பாரா என்று
கேட்டுப் பார்க்கலாம்.