கற்றை விழுந்த இடம்

பாமணியாற்று மதகின் ஏழாவது பலகையிலிருந்து
நகத்தளவு இரும்பு.
லஸ்கர் வைரக்கண்ணு அதை நாட்காட்டித் தாளில் மடித்து
மன்னார்குடி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார்.
தாளில் அஷ்டமி, கரிநாள்.
அன்றுதான் தொடங்கினேன்.

தேய்த்தேன்.
இருநூற்று இருபது, நானூறு, ஆயிரத்து இருநூறு,
பிறகு வெல்வெட் துணியில் வைரப் பசை,
என் மூக்குத்தி அதில் தெரியும்வரை.
அமிலம் இரண்டு சொட்டு. எட்டு நொடி. கழுவினேன்.
பளபளப்பு செத்து
உள்ளே இருந்தது மேலே வந்தது.

பாடத்தில் இதற்குக் குருணை என்று பெயர்.
எங்கள் பக்கம் குருணை என்றால்
மில்லில் உடைந்து விழுவது, கோழிக்குப் போடுவது.
இது உடையாதது. நெருக்கியடித்து
அடுத்த வீட்டுச் சுவரையே தன் சுவராக வைத்திருப்பது.
குறிப்பேட்டில் 'வரப்பு' என்று எழுதி அடித்தேன்.
வரப்பை நகர்த்த
ஒரு மண்வெட்டியும் ஓர் இரவும் போதும்.
இதற்கு எழுநூறு டிகிரி வேண்டும்.

தஞ்சாவூரில் வெளியே நாற்பது. அறைக்குள்
மேடையை இரண்டு டிகிரிக்குக் குளிரவைத்தோம்.
காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் நீராவி.
ஊசிமுனையில் ஒரு துகள் உப்பு,
முத்துப்பேட்டை அலையாத்தி ஓரத்தில் நானே சுரண்டியது,
கோடையில் ஆற்றுக்குள் எதிரேறி வரும் அதே உப்பு.

துகள் வியர்த்தது.
விளிம்பு மழுங்கி
தன் தண்ணீரிலேயே மூழ்கியது.

பன்னிரண்டாவது நிமிடம்
கந்தகக் கறை ஒன்றின் ஓரத்தில்
ஒரு கறுப்பு.
பார்க்கப் பார்க்க வளர்ந்தது.
ஹாஜிரா டீயை வைத்துவிட்டு வந்து நின்றாள்.
நாங்கள் மூச்சுவிட்டால் அது கேட்டுவிடும் போல
இருவரும் பேசவில்லை.

நான்கு நாள்.
குழிகளின் ஆழம், அகலம், வேகம்,
வழவழப்பாக ஏறும் ஒரு வரைகோடு.
ஐந்தாம் நாள், வேறெதற்கோ,
உருப்பெருக்கத்தைக் குறைத்தேன்.

செவ்வகம்.
திரையின் அளவே, திரையின் விகிதமே,
துரு ஒரு கறுப்புச் செவ்வகமாக.
அதற்கு வெளியே
அதே உப்பு, அதே ஈரம்,
இரும்பு அப்படியே.

எலக்ட்ரான் கற்றை நீரை உடைக்கும்.
உடைந்த நீர் இரும்பைத் தின்னும்.
இது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறேன்.
'கண்ணு பட்டுருச்சு' என்றாள் ஹாஜிரா.
கல்லடிக்குத் தப்பினாலும், என்று இழுத்தாள்.
சிரிக்க முயன்றேன்.
வரைகோடு என் கண்ணின் வேகத்தைக்
கச்சிதமாக அளந்திருந்தது.

புதிய துண்டு. புதிய துகள்.
இப்போது கற்றையை மூடியே வைத்திருக்கிறேன்.
இருபது நிமிடத்துக்கு ஒரு தரம், ஒரே ஒரு நொடி திறந்து
எட்டிப் பார்த்துவிட்டு விலகுகிறேன்.
ஒரு நொடிக்கும் மறு நொடிக்கும் நடுவில்
என்ன நடந்ததென்று
ஊகம்தான் எழுத வேண்டியிருக்கிறது.
'ஊகம்' என்ற தலைப்பில்
குறிப்பேட்டில் ஒரு பத்தியே போட்டுவிட்டேன்.

மாலை வைரக்கண்ணு கூப்பிட்டார்.
'தண்ணி கல்லணைக்கு வந்துட்டும்மா.
நாளன்னைக்கு இங்க. பலகை தாங்குமா?'
இன்னும் தெரியவில்லை என்றேன்.
எத்தனை நாளாகும் என்றார்.
அதுவும் தெரியவில்லை.

'சரி. அது கெடக்கட்டும்.
நீங்க வெட்டி எடுத்தீங்கல்ல, அந்த ஓட்டை,
வெல்டு வைக்க இன்னும் ஆளு வரல.
ரப்பர வச்சு, சாக்க சுத்தி
முட்டுக் குடுத்திருக்கேன்.'

நகத்தளவு என்று நான்தான் சொல்லி
வரைந்து காட்டினேன், சுண்ணாம்புக் கட்டியால்.

செயற்பொறியாளர் எண்ணைக் கேட்டு
மூன்று பேரைக் கூப்பிட்டேன்.
ஒருவர் எடுத்தார். நாளைக்கு என்றார்.

திரை இருண்டிருக்கிறது.
கடிகாரத்தில் பதினான்கு நிமிடம் மீதி.
அதற்குள்ளே அந்த ஈரத்தில்
என் பார்வை படாமல் இரும்பு
ஏதோ செய்துகொண்டிருக்கிறது,
அல்லது ஒன்றுமே செய்யாமல் இருக்கிறது.
விரல் பொத்தான்மேல் இருக்கிறது.
எடுத்து
மடியில் வைத்துக்கொள்கிறேன்.