பதினோரடி அரைச்சாண்

போன டிசம்பர்ப் புயலில்
கொரட்டூர் ஏரிக்கரையில் கவிழ்ந்தது தூங்குமூஞ்சி மரம்.
மாநகராட்சி லாரி வருவதற்குள்
ஒரு வட்டம் அறுத்துக்கொண்டோம்.
ரம்பக்காரருக்கு இருநூறு ரூபாய், ஒரு டீ.

குறுக்கே அறுக்க வேண்டும்,
ரேகைகள் நம்மைப் பார்க்க வேண்டும்.
நீளவாட்டுப் பலகை கத்தியைத் துப்பிவிடும்:
நாலு முனை மடிந்தபின் தெரிந்தது இது.

பட்டறை மூடியதும்
லேத்துகளுக்குப் பின்னால் உள்ள சந்து எங்களுடையது.
ஆங்கிள் இரும்பில் தாங்கி,
அதன் பின்னால் பழைய கன்வேயர் பெல்ட்,
தவறிப்போகும் இரும்பையெல்லாம் விழுங்க.
தரையிலிருந்து ஐந்தடியில் நடுப்புள்ளி.
சிவப்புக்கு டெல்ஃபினாவின் நகப்பூச்சு,
முழுக் குப்பியும்.

எறிகோடாரி நாங்களே அடித்தது.
லாரி வில்பட்டையில் அலகு,
பிடிக்குப் புளியங்கொம்பு.
"நல்லாத்தான் புடிச்சிருக்கே" என்று சிரித்தாள்,
மாப்பிள்ளை பார்த்து ஓய்ந்த என் வீட்டை நினைத்து.

பதினோரடியில் நின்றால்
பிடி முந்திக்கொண்டு முட்டுகிறது.
பன்னிரண்டில்
அலகு தலைகுப்புற விழுகிறது.
இடையில் எங்கோ ஒரு முழுச் சுற்று முடிகிறது.
இரண்டு மாதம் தேடினேன்
இந்த அரைச் சாணை.
இப்போது சாக்பீஸ் தேவையில்லை,
பெருவிரலுக்கே தெரியும்.

தையிலும் வியர்க்கும் ஊர்.
கைக்குக் கேரம் பவுடர்.
எறியாதே, விடு என்பாள் டெல்ஃபினா.
விடுவதற்குத்தான் இத்தனை நாள்.

பாடி மேம்பாலத்தின் கீழ்
ஸ்கூட்டரை மடக்கிய போலீஸ்காரர்
பையைத் திறந்து பின்வாங்கினார்.
ஐந்து கத்தி, ஒரு கோடாரி.
"எதுக்கும்மா?"
"போட்டிக்கு, சார்."
"யாரோட?"
"மரத்தோட."
போட்டோ காட்டினேன்.
உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இது என்ன, நெயில் பாலிஷா?"

காய்ந்தால் மரம் பிளக்கும்.
லாரித் தண்ணீரில் அரைக் குடம்
தினமும் அதற்கு.
சாக்கு நனைத்து மூடிவிட்டுப் போவோம்,
காய்ச்சல்காரரை விட்டுப்போவதுபோல.

நேற்று சாக்கை எடுத்தபோது
பட்டை ஓரத்தில்
அரிசியளவு பச்சை.
மூன்று மாதம் வெட்டு வாங்கிய பிறகு
இதற்கு என்ன அவசரம்?

ஞாயிறு ஈஞ்சம்பாக்கத்தில் போட்டி.
அங்கே வேறு மரம், வேறு சிவப்பு.
வேறு வட்டத்துக்கு இப்போது எங்கே போவது.
டெல்ஃபினா ஒன்றும் சொல்லாமல்
வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.
துளிர் கடைசியில் வந்து நின்றது
கடிகாரத்தில் ஏழு இருக்கும் இடத்தில்.

என் எறி களைத்தால்
இடப்பக்கம் கீழே இழுக்கும்.
அவளுக்கு அது தெரியும்.
தெரிந்துதான் வைத்தாள்.

பவுடர் தீர்ந்துவிட்டது.
சுடிதாரில் கையைத் துடைத்துக்கொண்டு
பெருவிரலை ஊன்றுகிறேன்.